மூலத்துக்கு டியூப் மருந்து: வெளியே தடவினால் போதுமா, உள்ளே வைக்கணுமா?

உப்பனாறு (கடலூர் முதுநகர்) கேட்டது:

வணக்கம். வயது 43, நாள் முழுக்க உட்கார்ந்த இடத்து வேலை. வெளிக்குப் போகும்போது ரத்தம் சொட்டுகிறது, வலி பெரிதாக இல்லை. போய் வந்த பிறகு ஆசனவாய் ஓரத்தில் அரிப்பும் எரிச்சலும் ரொம்ப நேரம் நிற்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மூலத்துக்கு மருந்து கேட்டதும் ஒரு டியூப் எடுத்துக் கொடுத்தார்கள். லிக்னோகைன் 2.5%, பெக்லோமெத்தசோன் 0.025%, பினைலெஃப்ரின் 0.10% என்று பெட்டியில் இருக்கிறது. கூடவே நீளமான பிளாஸ்டிக் மூக்கு ஒன்று. அதை மாட்டி உள்ளே வைக்கணுமா, வெளியே தடவினால் போதுமா? ஒரு தடவைக்கு எவ்வளவு, எத்தனை நாள்? பி.பி.க்கு அம்லோடிபின் 5 மி.கி. தினமும் காலையில் எடுக்கிறேன், அதோடு இது ஒத்துப்போகுமா? டாக்டரிடம் காட்டக் கூச்சம். அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

மாத்திரைப்பெட்டி (பார்மசிஸ்ட், நெல்லிக்குப்பம்):

சார், முதலில் அந்தப் பெட்டியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பாதிக் குழப்பம் தீரும். பெயர் ‘கைன்’ என்று முடிந்தால் மரத்துப்போக வைக்கும் மருந்து: லிக்னோகைன், சிங்கோகைன். ‘சோன்’ என்று முடிந்தால் ஸ்டீராய்டு: பெக்லோமெத்தசோன், ஹைட்ரோகார்ட்டிசோன். இது வீக்கத்தையும் அரிப்பையும் அடக்கும். பினைலெஃப்ரின் ரத்தக் குழாயைச் சுருக்கும். மூன்றில் எதுவும் மூலத்தைக் கரைக்காது. அரிப்பு, எரிச்சல், வீக்கம் கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், அவ்வளவுதான் இந்த டியூபின் வேலை.

உங்களிடம் இருப்பது ஸ்டீராய்டு சேர்ந்த டியூப். டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்திருக்கவே கூடாது, அதை எங்கள் தொழில்காரர்கள் தலையில்தான் போட வேண்டும். 7 நாளைத் தாண்டி நீங்களாகத் தொடராதீர்கள். தாண்டினால் என்ன ஆகும்? அந்த இடத்துத் தோல் ஏற்கெனவே மெல்லிசு, அது இன்னும் மெலிந்து லேசாகக் கிழியும். இன்னொன்று பூஞ்சை. எப்போதும் ஈரம் தங்கும் இடம், நம் ஊர் வேர்வை வேறு. ஸ்டீராய்டு தடவினால் படை சத்தமில்லாமல் பரவும். நிறுத்தினதும் அரிப்பு இரட்டிப்பாகும், மறுபடி அதே டியூபைத் தேடுவோம். கடைக்கு மாதா மாதம் வந்து ‘அதே டியூப்’ கேட்பவர்களில் பலருக்கு இப்போது இருப்பது மூலமே இல்லை, படைதான்.

பி.பி. விஷயம்: பினைலெஃப்ரின் தோல் வழியாகக் கொஞ்சம் ரத்தத்தில் சேரும். அதனால் பி.பி., இதய நோய், தைராய்டு, சர்க்கரை, புராஸ்டேட் வீங்கிச் சிறுநீர் தடைபடுவது, இதில் எது இருந்தாலும் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடச் சொல்வது வழக்கம். உங்கள் பி.பி. மாத்திரையில் அடங்கியிருந்து, பட்டாணி அளவு வெளியே தடவினால் பெரிய பயம் இல்லை. ஆனால் உங்களைப் பார்க்கிற டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். படபடப்போ தலைவலியோ வந்தால் நிறுத்திவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. டியூபை பைக் பெட்டியில் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் சுற்றாதீர்கள். கிரீமும் நீரும் பிரிந்து, அழுத்தினால் முதலில் தண்ணீராகத்தான் வரும். அப்படி வந்தால் தூக்கிப் போடுங்கள்.

வார்டுசிஸ்டர் (புதுச்சேரி):

அண்ணா, எப்படிப் போடுவது என்று நான் சொல்கிறேன்.

கிரீம் போட நல்ல நேரம் வெளிக்குப் போய்வந்த பிறகும், இரவு படுக்கும் முன்பும். முதலில் வெந்நீர். ஆசனவாய் முழுக முழங்கை அளவு ஆழம் எல்லாம் வேண்டாம், அகலமான பேசினில் நாலு விரல் கட்டை உயரத் தண்ணீர் போதும். வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள வீட்டில் அதன் மேலேயே பொருத்துகிற பிளாஸ்டிக் டப் சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும், குந்த முடியாதவர்களுக்கு அதுதான் சௌகரியம். சூடு பார்க்க கையை விடாதீர்கள், கை சூட்டுக்குப் பழகியது. முழங்கையை விட்டுப் பாருங்கள், இதமாக இருக்க வேண்டும். 10 முதல் 15 நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று முறை. டெட்டால், பொட்டாசியம் பெர்மாங்கனேட், கல் உப்பு எதுவும் வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். 15 நிமிடத்துக்கு மேல் ஊறினால் தோல் வெளுத்து ஊறிப்போய் அதுவே அரிப்பைக் கூட்டும். நீங்கள் பி.பி. மாத்திரை சாப்பிடுபவர், வெந்நீரிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். சுவரையோ குழாயையோ பிடித்துக்கொண்டு மெல்ல எழுங்கள்.

பிறகு மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்க்கவே கூடாது. கடலோரத்து உப்புத் தண்ணீரில் சோப்பு சரியாகக் கழுவுப்படாது, ஒட்டிக்கொண்டு எரியும், ஆகவே அந்தப் பக்கம் சோப்பே வேண்டாம்.

வெளியே தடவ: கை கழுவி, ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு. ஓரத்தைச் சுற்றி மெல்லிய படலமாகத் தடவுங்கள். தோல் வெள்ளையாகத் தெரிகிற அளவுக்கு அப்பினால் மருந்து அதிகம் வேலை செய்யாது, ஈரம்தான் தங்கும், ஜட்டி கெடும். நகம் வெட்டியிருக்க வேண்டும். போட்ட முதல் சில நிமிடம் லேசாக எரியலாம். நேரம் ஆக ஆக எரிச்சல் ஏறினாலோ, தடவின இடம் மட்டும் சிவந்து கொப்புளித்தாலோ லிக்னோகைன் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், வெறும் தண்ணீரில் கழுவி நிறுத்திவிடுங்கள்.

உள்ளே வைக்க டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் அந்த மூக்கு. டியூப் மூடியைக் கழற்றி அதை இறுகத் திருகுங்கள். டியூபை அழுத்தி, பக்கத்து ஓட்டைகளில் கிரீம் எட்டிப் பார்க்கும்வரை விடுங்கள், உள்ளிருந்த காற்று போய்விடும். வெளிப்பக்கத்திலும் கொஞ்சம் கிரீம் தடவுங்கள், வறண்ட பிளாஸ்டிக் உள்ளே கீறும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வலது முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே மெதுவாக விடுங்கள். தடுத்தாலோ சுருக்கென்று வலித்தாலோ அங்கேயே நிறுத்துங்கள், முட்டி முட்டித் தள்ள வேண்டாம். மெல்ல அழுத்தியபடியே வெளியே இழுங்கள். மூக்கை உடனே கழற்றி வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவி, உலர்த்தித் தனியாக வையுங்கள். டியூபிலேயே மாட்டி விட்டால் அசுத்தம் டியூபுக்குள் போகும், ஓட்டையும் காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஒரு டியூப் ஒரு ஆளுக்குத்தான், வீட்டில் பங்கு போடாதீர்கள். கை கழுவாமல் கண்ணைத் தொடவும் வேண்டாம்.

உப்பனாறு:

ரொம்ப நன்றி சிஸ்டர், நன்றி சார். ரத்தம் வருவது உள்மூலம்தானே, அப்படியென்றால் உள்ளே வைத்தால்தானே வேலை செய்யும்? இன்னொன்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் சுவரெல்லாம் ‘மூலம், பவுத்திரம், ஒரே ஊசியில் குணம்’ என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்களே, அது எப்படி?

கோரிமேட்டுக்காரர் (அறுவைச் சிகிச்சை மருத்துவர்):

தம்பி, உங்கள் யூகம் பாதி சரி. உள்மூலம் இருக்கும் சவ்வில் வலி உணரும் நரம்பு இல்லை. அதனால்தான் வலி இல்லாமல் ரத்தம் சொட்டுகிறது. வலிக்காத இடத்தில் மரக்க வைக்கும் மருந்தை வைத்து என்ன லாபம்? உங்களுக்கு எரிகிறது, அரிக்கிறது என்றால் அது வெளித்தோல். கசிகிற சளியும் ஈரமும் அதை ஊற வைத்திருக்கும். ஆகவே உங்களுக்கு வெளியே தடவுவதே போதும். ரத்தம் நிற்பது கிரீமால் அல்ல, மலம் இளகினால்.

ஆனால் ஒரு நிபந்தனை. இது மூலம்தான் என்று யாரும் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காமல் சொல்ல முடியாது.

வலி எப்படி என்பதை வைத்துக் கொஞ்சம் யூகிக்கலாம். போகும்போது பிளேடால் கீறின மாதிரி, போன பிறகும் மணிக்கணக்கில் வலித்தால் அது பெரும்பாலும் வெடிப்பு. அதற்கு டில்டியாசெம் 2% அல்லது நைட்ரோகிளிசரின் கலந்த வேறு கிரீம், 6 முதல் 8 வாரம் வரை போட வேண்டியிருக்கும். ஸ்டீராய்டு டியூபை அதில் தடவிக்கொண்டிருப்பது வீண். நைட்ரோகிளிசரின் தலைவலி தரும், வயாகரா வகை மாத்திரை எடுப்பவர் அதைத் தொடவே கூடாது, பி.பி. ஒரேயடியாக விழுந்துவிடும். திடீரென்று ஓரத்தில் நீலம் பாரித்த கட்டி, உட்கார முடியாத வலி என்றால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்துவிட்டது. 72 மணி நேரத்துக்குள் வந்தால் மரக்க ஊசி போட்டு எடுத்துவிடலாம். அதற்கு மேல் ஆனால் பெரும்பாலும் அது தானாகச் சுருங்கும், வெந்நீரும் வலி மாத்திரையும்தான். ஓரத்தில் சிறு கட்டி, சீழ் கசிவு, காய்ச்சல் என்றால் கிரீம் பக்கமே போகாதீர்கள், அது சீழ்க்கட்டி அல்லது பவுத்திரம், அதாவது சீழ் வடியும் துளை. சர்க்கரை உள்ளவருக்கு அது அன்றே பார்க்க வேண்டிய அவசரம்.

உங்கள் வயதில் ரத்தம் என்றால், மூலம் என்று பெயர் வைத்துக்கொண்டு சும்மா இருக்க நான் விட மாட்டேன். ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா, கருஞ்சிவப்பாக இருக்கிறதா, மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருக்கிறதா, எடை குறைகிறதா, வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்ததா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கொலனோஸ்கோப்பி (கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) பற்றிப் பேச வேண்டும். சொட்டுச் சொட்டாகப் பல மாதம் போனாலே ஹீமோகுளோபின் இறங்கி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் எடுப்பவராக இருந்தால் அதையும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கூச்சம் பற்றி: எங்களுக்கு அது காது, மூக்கு பார்ப்பது போலத்தான். விரல் விட்டுப் பார்ப்பதும் புரோக்டாஸ்கோப் என்ற சிறு குழாயால் பார்ப்பதும் சில நிமிட வேலை. கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ இங்கே புதுச்சேரி ஜிப்மரிலோ காலையில் சர்ஜரி ஓ.பி.க்குப் போய், ‘ரத்தம் வருகிறது, பார்க்கணும்’ என்று சொன்னால் போதும், விளக்கம் கேட்டு நிறுத்தி வைக்க மாட்டார்கள். பெண்கள் பெண் மருத்துவரையோ கூட ஒரு நர்ஸையோ கேட்கலாம். முதல், இரண்டாம் நிலை மூலத்துக்கு, அதாவது வெளியே தள்ளாததற்கும் தள்ளினாலும் தானாக உள்ளே போய்விடுவதற்கும், கத்தி தேவையில்லை. மூலத்தின் அடியில் சின்ன ரப்பர் வளையம் போட்டால் ரத்த ஓட்டம் நின்று, ஒரு வாரம் போல ஆனதும் காய்ந்து உதிர்ந்துவிடும். உதிரும் அன்று கொஞ்சம் ரத்தம் வரலாம்.

சுவர் நோட்டீஸ்காரர்கள் பற்றி: உள்மூலத்துக்கு ஊசி என்ற சிகிச்சை உண்மையில் உண்டு. மருத்துவர்கள் அளவறிந்து, சவ்வுக்கடியில் சரியான இடத்தில் போடுவது. நோட்டீஸ்காரர் ஊசியில் என்ன இருக்கிறது என்பது அவருக்கும் ஊசிக்கும்தான் வெளிச்சம். காரமான திரவம் தப்பான ஆழத்தில் இறங்கினால் சதை வெந்து, ஆசனவாய் சுருங்கிப்போகும், அல்லது மலத்தை அடக்கும் தசையே கெட்டுப்போகும். பின்னதைச் சரிசெய்வது மூலத்தைவிடப் பல மடங்கு கஷ்டம்.

திருப்பாதிரிப்புலியூரான்:

துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கிக் கட்டுவது, கருணைக்கிழங்கு சாப்பிடுவது, இதெல்லாம் நம் வீடுகளில் காலகாலமாகச் செய்வதுதானே, யாரும் சொல்லவே இல்லையே?

வார்டுசிஸ்டர்:

கருணைக்கிழங்கு நார்ச்சத்துள்ள காய், தாராளமாகச் சாப்பிடலாம், புளி சேர்த்து நன்றாக வேக வைத்தால் நாக்கு அரிக்காது. துத்தி இலையை மூலத்துக்குக் கட்டுவது சித்த வைத்தியத்தில் உள்ள வழக்கம். அந்த வழியில் போக விரும்பினால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் காட்டிவிட்டுச் செய்யுங்கள். தோல் உரிந்தோ ரத்தம் கசிந்தோ இருக்கும்போது எந்த இலையும் வைத்துக் கட்ட வேண்டாம், மண்ணும் கிருமியும் போகும். சூடாகக் கட்டித் தொடை வெந்து வருபவர்களும் உண்டு. கிரீமும் பற்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கூடாது.

உப்பனாறு:

சரி டாக்டர், இந்த வாரமே போய்க் காட்டிவிடுகிறேன். மலம் இளக இசப்கோல் வாங்கலாமா? பி.பி. மாத்திரையோடு எப்படி?

மாத்திரைப்பெட்டி:

வாங்குங்கள், உமி மட்டும் உள்ளது, சர்க்கரை சேர்க்காதது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டம்ளர் தண்ணீரில், 200 மி.லி.க்குக் குறையாமல், ஒரு டீஸ்பூன் போட்டுக் கலக்கி உடனே குடித்துவிடுங்கள். கூழாகும்வரை விட்டால் இறங்காது. மேலே இன்னொரு டம்ளர் வெறும் தண்ணீர் கட்டாயம். தண்ணீர் போதாமல் குடித்தால் இளக்க வந்ததே குடலில் அடைத்துக்கொள்ளும். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். குடித்த கையோடு படுக்காதீர்கள். முதல் சில நாள் வயிறு உப்பி வாயு பிரியும், பயப்பட வேண்டாம். பலன் தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும், பிறகு தேவைப்பட்டால் இரண்டு டீஸ்பூன் ஆக்கலாம். விழுங்கச் சிரமம் உள்ளவருக்கு இது கூடாது.

உங்கள் அம்லோடிபின் காலையில் என்பதால் மோதாது. பொதுவாகவே மற்ற மாத்திரைகளுக்கும் இசப்கோலுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரை சாப்பிட்டால் மலச்சிக்கல் கூடும், அதையும் டாக்டரிடம் காட்டுங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பது சாதாரணம். அது சாப்பிடாமலே தார் போலக் கறுத்து வந்தால் அது மேல்வயிற்று ரத்தம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாய்லெட்டுக்குள் போனைக் கொண்டுபோவதை நிறுத்துங்கள். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள், முக்கிக்கொண்டு உட்கார்ந்தால் இத்தனை கிரீமும் வீண். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள்.