மேல்தள வீடு, கைக்குழந்தை, கத்திரி வெயில்: விவரம் தெரிந்தவர்கள் பகிருங்கள்

வெட்டிவேர் (வேலூர்)

அக்னி நட்சத்திரம் மே 4-ஐ ஒட்டித்தான் பிறக்கும். ஆனால் வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி பக்கம் அதற்குப் பல வாரங்கள் முன்பே வெயில் 40 டிகிரியைத் தொட்டுவிடுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருந்து, 5 வயதுக்குள் பிள்ளை வைத்திருப்பவர்களை நினைத்து இதைத் தொடங்குகிறேன். பொதுவான அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. எப்படிச் செய்வது, எங்கே கெடும் என்பதை எழுதினால் நன்றாக இருக்கும்.

ஜன்னலிலிருந்து ஆரம்பிக்கிறேன். கிழக்கு ஜன்னலைக் காலை 8 மணிக்குள் சாத்துங்கள். மேற்கு ஜன்னலை நண்பகலுக்கு முன் சாத்துங்கள். உள்ளே திரை போட்டால் போதும் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரையில் பட்டால், திரை சூடாகி அந்தச் சூடு அறைக்குள்ளேயே தங்கிவிடும். மறைப்பு ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டும். மூங்கில் தட்டி, பச்சை நிழல் வலை, பழைய பாய் எதுவானாலும் சரி. கண்ணாடியோடு ஒட்டாமல் அரை அடி இடைவெளி விட்டுக் கட்டினால்தான் நடுவில் காற்று ஓடும்.

எப்போது திறப்பது என்று கேட்டால், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இரண்டு சாதாரண வெப்பமானிகள் வாங்கி ஒன்றை வெளியே நிழலிலும், ஒன்றை அறைக்குள் குழந்தை படுக்கும் உயரத்திலும் வையுங்கள். வெளியே உள்ளதைவிட உள்ளே கூடுதலாகக் காட்டும்போது திறங்கள். எங்கள் ஊரில் இரவு 8 மணிக்கு மேல்தான் அது நடக்கும், சில நாள் இன்னும் தள்ளிப்போகும்.

வெட்டிவேர்த் தட்டி வறண்ட வெயில் அடிக்கும் ஊர்களில் அருமையாக வேலை செய்யும். காற்று வரும் பக்கத்து ஜன்னலில் கட்டி, எதிர்ப்பக்கத்தில் ஒரு ஜன்னலையோ கதவையோ திறந்து வைக்க வேண்டும். எதிர்ப்பக்கம் சாத்தியிருந்தால் ஈரம் மட்டும் அறையில் சேரும், குளிர்ச்சி வராது. தண்ணீர் சொட்டாமல், தொட்டால் கை நனையும் அளவுக்கு அவ்வப்போது தெளித்தால் போதும். வாரம் ஒரு முறை வெயிலில் முழுக்கக் காய வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். மூச்சிளைப்பு உள்ள பிள்ளைகளுக்கு அது ஆகாது.

தளக்கொத்தன்

தளத்தைப் பற்றி நான் சொல்கிறேன். பகல் முழுக்க வெயில் குடித்த காங்கிரீட், அந்தச் சூட்டை மெதுவாகத்தான் கீழே இறக்கும். உச்சி வெயில் 2 மணி என்றால் வீட்டு உத்தரத்தின் அடிப்பக்கம் அதிகம் சுடுவது மாலையிலும் முன்னிரவிலும்தான். வெயில் தாழ்ந்துவிட்டதே என்று 7 மணிக்குக் குழந்தையை உள்ளறையில் போட்டுக் கதவைச் சாத்துகிறார்கள். அந்த நேரத்தில் மேல்தள அறையில் கிடத்தவே கூடாது. தாழ்வாரம், கீழ்வீட்டுத் திண்ணை, வாசல், எங்கே காற்று இருக்கிறதோ அங்கே வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பாய் போட்டுக் கிடத்துவது கட்டிலைவிட நல்லது.

சுண்ணாம்பு அடிப்பது செலவு குறைந்த வழி. முதலில் தளத்தைப் பாசி போகத் தேய்த்துக் கழுவிக் காய விடுங்கள். விரிசல் இருந்தால் முதலில் அடையுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பையோ கல் சுண்ணாம்பையோ நீற்றி, ஒரு நாள் ஊற விட்டு, துணியில் வடிகட்டி, கெட்டிப் பால் பதத்தில் கரைக்க வேண்டும். ஒட்டுவதற்கு வடித்த கஞ்சியோ கொஞ்சம் ஃபெவிகாலோ சேர்ப்பார்கள். முதல் பூச்சு கிழக்கு மேற்காக, அது காய்ந்த பிறகு இரண்டாவது தெற்கு வடக்காக. மூன்றாவதும் அடித்தால் நல்லது. தளத்தை நனைத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். காய்ந்த தளத்தில் அடித்தால் தண்ணீரைத் தளம் உறிஞ்சிக்கொள்ள, சுண்ணாம்பு மாவாக உதிரும். நன்றாக அமைந்தால் அறையில் 2 முதல் 5 டிகிரி வரை குறையும். ஐப்பசி மழையில் கரைந்துவிடும், ஆண்டுதோறும் மாசியில் புதுப்பிக்க வேண்டும். நடுவில் புழுதி படிந்தால் கூட்டிக் கழுவுங்கள். அழுக்கேறிய வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பாது.

ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்பு நீற்றும்போது தண்ணீர் கொதிக்கும், தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் மாடிப்படி ஏறக் கூடாது.

தளத்தில் தண்ணீர் ஊற்றுவது பற்றியும் கேட்பீர்கள். வெறும் தளத்தில் ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும், தண்ணீர்தான் வீண். கோணிப்பையை விரித்து, மாலை 4 மணிக்கும் வெயில் இறங்கிய பிறகும் நனைத்தால் ஈரம் நின்று சூட்டை இழுக்கும். ஏற்கெனவே ஒழுகுகிற தளத்தில் இதைச் செய்யாதீர்கள், உள்ளே கம்பி துருப்பிடிக்கும். இடமிருந்தால் எல்லாவற்றையும்விடத் தென்னங்கீற்றுப் பந்தல்தான் சிறந்தது, ஏனென்றால் வெயில் தளத்தைத் தொடவே தொடாது.

பகல்நிலா (சென்னை)

வெட்டிவேர் அக்கா சொன்ன தட்டி வேலூருக்குச் சரி. சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈரம் ஆவியாகும்போதுதான் குளிர்ச்சி. கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால், ஈரப் புடவை கட்டினாலும் ஏர் கூலர் போட்டாலும் அறை புழுங்கும். குழந்தையின் வியர்வை காயாமல் மேலேயே நிற்கும். வெப்பமானி 34 என்று காட்டும், உடம்பு அதற்கு மேல் தவிக்கும். இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளிக்கு 40, கடலோரத்துக்கு 37 என்று வெப்ப அலைக்கான அளவையே தனித்தனியாக வைத்திருக்கிறது. ஆகையால் 40 வரவில்லையே என்று சும்மா இருக்காதீர்கள்.

கடலோர வீட்டில் முதல் வேலை ஈரத்தை உள்ளே சேர்க்காமல் இருப்பது. துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். குக்கரைக் காலை 8 மணிக்குள் இறக்கிவிடுங்கள். சமையலறைக் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேனை ஓட விடுங்கள். மதியம் கடற்காற்று வீசத் தொடங்கியதும் கிழக்கு ஜன்னல்களைத் திறங்கள். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமாகும், அன்றைக்குத்தான் வெயில் உச்சத்துக்குப் போகும். அந்த நாளில் ஏசி இருக்கும் ஓர் அறையில் எல்லோரும் அடைந்துகொள்வதே புத்திசாலித்தனம்.

ஏசியை 25, 26-இல் வைத்து மின்விசிறியை மெதுவாக ஓட விட்டால் போதும். 18-இல் வைத்தால் அறை விரைவாகக் குளிரும் என்பது தவறான எண்ணம். இயந்திரம் அதே வேகத்தில்தான் குளிரூட்டும், நிறுத்த மட்டும் நேரமாகும். காற்று நேராகக் குழந்தை மேல் விழாமல் தகட்டை மேல்நோக்கித் திருப்புங்கள். ஃபில்டரை 2 வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள்.

மின்பணியாளர்

சுருக்கமாக ஐந்து விஷயம்.

ஏர் கூலரை ஜன்னலில் வைத்தால் அதன் முதுகு வெளிக்காற்றைப் பார்க்க வேண்டும். மூடிய அறைக்குள் வைத்தால் அதே ஈரக்காற்றையே சுற்றிச் சுற்றி விடும்.

தகரக் கூலர் எர்த் இல்லாமல் ஓடும் வீடுகள் ஏராளம். ஈரக் கையோடு பிள்ளை தொட்டால் உயிர் போகும். மூன்று பின் பிளக், சரியான எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) மூன்றும் இருக்க வேண்டும். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், விழாவிட்டால் உடனே மாற்றுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

கூலர் தொட்டித் தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும். வாரம் ஒரு முறை முழுக்க வடித்து, ஓரங்களைத் தேய்த்துக் கழுவுங்கள்.

இரவு வெளிக்காற்று குளிர்ந்ததும், ஒரு ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்க்க வைத்து ஓட்டுங்கள். அது சூட்டை வெளியே தள்ள, எதிர் ஜன்னல் வழியே குளிர்ந்த காற்று வரும். சீலிங் ஃபேன் மட்டும் ஓடினால் உத்தரத்துச் சூட்டையே கீழே இறக்கும். ஃபேன் கூண்டுக்குள் விரல் நுழையாதபடி மேலே வலை உறை போடுங்கள்.

அறை வெப்பம் 40-ஐத் தாண்டினால் ஃபேன் காற்று உடலைச் சூடேற்றத்தான் செய்யும். அப்போது அறையை மாற்ற வேண்டும்.

செவிலி (திருச்சி)

குழந்தைகள் வார்டில் வேலை செய்பவர்கள் கோடையில் திரும்பத் திரும்பச் சொல்வதை எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

6 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குத் தண்ணீர் வேண்டாம். எவ்வளவு வெயிலானாலும் தாய்ப்பால் போதும், அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அடிக்கடி கொடுக்க வேண்டும், அவ்வளவே. அந்த வயதுச் சிறுநீரகத்தால் கூடுதல் தண்ணீரை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் சோடியம் இறங்கி வலிப்பு வரலாம். "தொண்டை காயுமே, ஒரு சங்கு தண்ணீர் விடு" என்று பெரியவர்கள் சொன்னால் அன்பாக மறுத்துவிடுங்கள். பால் கொடுக்கும் அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் தண்ணீரோ மோரோ குடிக்கட்டும். பால் பவுடர் கொடுப்பவர்கள் வெயிலுக்காகத் தண்ணீரைக் கூட்டிக் கலக்கக் கூடாது. கலந்த பாலை 2 மணி நேரத்துக்குள் தர வேண்டும், குழந்தை வாய் வைத்த மீதியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

1 முதல் 3 வயதுக்குச் சாதாரண நாளில் பால், சாப்பாட்டு நீர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 1.3 லிட்டர் தேவை, 4 முதல் 8 வயதுக்கு 1.7 லிட்டர். வெயிலில் அதற்கு மேல். விளையாடும் பிள்ளை கேட்டு வாங்கிக் குடிக்காது. அரை மணிக்கு ஒரு தரம் நாமே நாலு வாய் கொடுக்க வேண்டும். மண்பானைத் தண்ணீர் போதும். ஒரு வயதுக்குள் நீர்மோரில் உப்புப் போடாதீர்கள், எதிலும் தேன் சேர்க்காதீர்கள்.

ஓ.ஆர்.எஸ். (உடல் இழந்த நீரை ஈடுசெய்யும் உப்பு, சர்க்கரைத் தூள்) பற்றி. பெரிய பாக்கெட் முழுவதும் 1 லிட்டருக்கு, சிறிய பாக்கெட் முழுவதும் 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டைக் கண்ணளவில் பிரித்து ஒரு டம்ளரில் கலக்குவதுதான் நடக்கும் ஆபத்தான தவறு. உப்பு கூடிவிட்டால் குழந்தையின் உடலிலிருந்தே நீரை இழுக்கும். கலந்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். அவசரத்துக்கு வீட்டில் செய்ய: கொதித்து ஆறிய தண்ணீர் 1 லிட்டர், தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் தூள் உப்பு. கல்லுப்பு கரண்டியில் இடைவெளி விட்டு நிற்பதால் அளவு தப்பும். பழச்சுவை அட்டைப் பெட்டி பானங்களை ஓ.ஆர்.எஸ். என்று நம்பி வாங்காதீர்கள், சர்க்கரைதான் அதிகம். உலக சுகாதார நிறுவன அளவில் இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. அட்டையில் உலக சுகாதார நிறுவன அளவு என்று இருக்கிறதா எனப் படித்து வாங்குங்கள். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. வயிற்றுப்போக்கு இருக்கும்போது அது ஓ.ஆர்.எஸ்.ஸுக்கு ஈடாகாது.

குழந்தைக்கு நீர் குறைகிறதா என்பதைச் சிறுநீர்தான் காட்டிக்கொடுக்கும். கைக்குழந்தை 6 மணி நேரம் நனைக்கவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, அழுதால் கண்ணீர் இல்லை, வாய் ஒட்டுகிறது, வழக்கத்துக்கு மாறாகச் சோர்ந்து கிடக்கிறது என்றால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

உடல் அனலாகக் கொதித்து, குழந்தை மயங்குகிறது, பிதற்றுகிறது, வலிப்பு வருகிறது என்றால் அது வெப்ப மயக்கம் (ஹீட் ஸ்ட்ரோக்). 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை காத்திருக்காமல் உடையைக் கழற்றி, குழாய்த் தண்ணீரை (கையில் விட்டுச் சுடவில்லை என்று பார்த்துக்கொண்டு) உடல் முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். மயக்கத்தில் வாயில் எதுவும் ஊற்றக் கூடாது. வியர்வை இருக்கிறதே என்று ஆறுதல் அடையாதீர்கள், வியர்த்தபடியே வெப்ப மயக்கம் வரும். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. அது காய்ச்சலுக்கான மருந்து, வெளியிலிருந்து ஏறிய சூட்டைக் குறைக்காது. 3 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காட்டினால், வெயில்தான் என்று நாமே முடிவு செய்யாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பகல்நிலா (சென்னை)

செவிலி அக்கா, தூளியில் போடலாமா? வியர்க்குருவுக்குப் பவுடர் போடலாமா? நுங்கு?

செவிலி (திருச்சி)

தூளியில் துணி இரண்டு பக்கமும் மூடிக்கொள்வதால் ஃபேன் காற்று உள்ளே போகாது, முதுகு நனைந்துவிடும். பாலியஸ்டர், சில்க் புடவை கூடவே கூடாது. மெல்லிய பழைய பருத்திப் புடவையில், மேலே விரிப்புக் கட்டை வைத்து வாயை அகலமாக்கிக் கட்டுங்கள். ஆனாலும் உச்சிப் பகலில் பாய்தான் நல்லது. டயப்பரை மதியத்தில் கழற்றிவிட்டுத் துணி விரித்துக் கிடத்துங்கள்.

பவுடர் வேண்டாம் பா. வியர்வையோடு குழைந்து துளையை அடைக்கும், தூள் மூச்சிலும் போகும். வியர்க்குரு வந்த இடத்தில் கெட்டியான எண்ணெயும் வேண்டாம். கழுத்து மடிப்பு, அக்குள், தொடையிடுக்கை வெறும் தண்ணீரில் துடைத்து, ஒற்றி எடுத்து, காற்றாட விடுங்கள். சீழ் வைத்தால் காட்டுங்கள்.

நுங்கு ஒரு வயதுக்கு மேல். தோலை உரித்து மசித்துக் கொடுங்கள். முழுசாகக் கொடுத்தால் வழுக்கித் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். தர்ப்பூசணியில் விதை எடுத்துவிடுங்கள். ஐஸ் கட்டியை வாயில் போடாதீர்கள், அதுவும் அடைக்கும்.

தளக்கொத்தன்

குளியல் பற்றி ஒன்று விட்டுப்போச்சு. மாடியில் கறுப்புத் தொட்டி என்றால் மதியக் குழாய்த் தண்ணீர் கை வைக்க முடியாத அளவு சுடும். பெரியவர்களைவிடப் பிள்ளைத் தோல் சீக்கிரம் வெந்துபோகும். காலை 6 மணிக்கே இரண்டு வாளி பிடித்து நிழலில் மூடி வைத்துக்கொள்ளுங்கள், மாலைக் குளியலுக்கு அதுவே பதமாக இருக்கும். தொட்டிக்கு மேல் கீற்று வேயுங்கள், மாடிக் குழாயில் சாக்கு சுற்றுங்கள்.

அந்த வாளிகளுக்கு இறுக்கமான மூடி வேண்டும். தவழும் பிள்ளை தலைகுப்புற விழுந்தால் அரை வாளித் தண்ணீரிலேயே மூழ்கிவிடும். விளையாட டப்பில் உட்கார வைத்தால் கை எட்டும் தூரத்திலேயே இருங்கள், போன் எடுக்கக்கூட நகர வேண்டாம். முடிந்ததும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு டப்பைக் கவிழ்த்து வையுங்கள்.