வட்டி இல்லை, சரி. செலவு யார் தலையில்?

கணக்கப்பிள்ளை:
பாகிஸ்தானில் ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கிற அகுவத் அமைப்பை ஆஹா ஓஹோ என்று புகழ்கிறார்கள். அரசு அதிகாரியாக இருந்த டாக்டர் அம்ஜத் சாகிப் 2001இல் லாகூரில் தொடங்கியது, முதல் கடன் ஒரு விதவைக்குப் பத்தாயிரம் ரூபாய், 2021இல் மகசேசே விருது, எல்லாம் சரி. வட்டியும் வாங்குவதில்லை. ஆனால் வீடு வீடாகப் போய் விசாரிக்கிற பையனுக்குச் சம்பளம், திரும்பாத கடன், இதெல்லாம் யார் தலையில்? 2023 மே மாதம் அங்கே விலைவாசி ஒரே ஆண்டில் 38 சதவீதம் ஏறியிருந்தது. அப்படி ஒரு வருடத்தில் 50,000 கொடுத்து 50,000 திரும்பி வந்தால் பழைய மதிப்பில் அது வெறும் 36,000 சொச்சம். பானையில் ஓட்டை இருக்கிறது, யாரோ ஊற்றிக்கொண்டே இருப்பதால் தெரியவில்லை.

காயல் காற்று:
அண்ணே, தவணை மாதாமாதம் வருகிறது, மொத்தமாகக் கடைசி நாளில் வருவதில்லை, அதனால் உங்கள் நஷ்டக் கணக்கைப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியும் எங்கே போனது? கடன் வாங்கியவன் கைக்குத்தானே! அவனுக்கு உதவத்தானே கொடுத்தது. கர்ழன் ஹஸனா என்றால் லாபம் பார்க்காத அழகிய கடன். பள்ளிவாசலில் உட்கார்ந்து கொடுக்கிறார்கள், சர்ச்சிலும் கொடுக்கிறார்கள், மண்டப வாடகை மிச்சம். 99 சதவீதத்துக்கு மேல் திரும்பி வருவதாகச் சொல்கிறார்கள்.

கணக்கப்பிள்ளை:
பாய், பாதி என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2011 முதல் பஞ்சாப் மாகாண அரசின் பணமும் அதன் வழியாகத்தான் கடனாகப் போகிறது. அரசு கையை இழுத்துக்கொண்டால்?

தெருமுனை:
அகுவத்தாவது நேர்மையாக வட்டியை விட்டது. முராபஹா என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பேசுங்கள். 10,000 ரூபாய்த் தையல் மெஷினைச் சங்கம் வாங்கி 12,000க்குத் தவணையில் விற்கும். அந்த இரண்டாயிரத்துக்கு லாபம் என்று பெயர். வங்கதேசத்தில் இஸ்லாமி பேங்க் 1995இல் தொடங்கிய கிராமத் திட்டமும் பெரும்பாலும் இப்படிக் கடனுக்கு விற்கிற கணக்குதான். தொப்பி போட்ட வட்டி, வேறென்ன?

காயல் காற்று:
வித்தியாசம் இருக்கிறது. தவணை தவறினாலும் அந்த 12,000 பன்னிரண்டாயிரமாகவே நிற்கும், குட்டி போடாது. மீட்டர் வட்டிக்கு வாங்கியவனைக் கேளுங்கள், இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்வான். கடனாளி கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும்வரை பொறுங்கள் என்று குர்ஆனிலேயே இருக்கிறது (2:280). இதில் பிரச்சினை எங்கே வரும் என்றால், மெஷினைக் கண்ணால் பார்க்காமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பில் மட்டும் கொண்டுவா என்கிற இடத்தில். அங்கே நீங்கள் சொல்வது சரி, அது வியாபாரமே இல்லை.

கணக்கப்பிள்ளை:
வட்டியை விடுங்கள், கடன் கொடுத்தால் ஏழ்மை போகிறதா? 2015இல் இந்தியா, மொராக்கோ, போஸ்னியா உட்பட ஆறு நாடுகளில் செய்த ஆய்வுகள் சேர்ந்து வெளிவந்தன, ஹைதராபாத் ஆய்வில் பொருளாதார அறிஞர்கள் பானர்ஜியும் டுஃப்லோவும் இருந்தார்கள். சிறுகடனால் வாழ்க்கை தலைகீழாக மாறியதாக எதிலும் இல்லை. கடை வைத்திருந்தவன் கொஞ்சம் பெரிதாக்கினான், அவ்வளவுதான். அவை வட்டிக் கடன்கள், ஒத்துக்கொள்கிறேன். வட்டியை எடுத்துவிட்டால் மட்டும் வியாபாரம் தெரியாதவன் வியாபாரி ஆகிவிடுவானா?

நாகூர் ராத்தா:
தம்பிகளா, லாகூரில் இரண்டு பேர் ஜாமீன் நின்றால் கடன் கிடைக்கிறது. எங்கள் பக்கத்தில் வட்டியில்லாக் கடன் கொடுக்கிற ஒரு சங்கத்துக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணை அழைத்துப் போனேன். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள். நகையை அடமானம் வைத்தால்தான் கடனாம், அதில் முக்கால் மதிப்புக்குத்தான் கொடுப்பார்களாம். நகை இருந்தால் அவள் ஏன் என்னோடு வருகிறாள்? கழுத்தில் கருகமணி மட்டும்தான் கிடக்கிறது. வட்டி ஹராம் என்று பேசுகிறவர்கள் இவளை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

காயல் காற்று:
ராத்தா, அவங்களுக்குக் கடனே கூடாது. ஸகாத், அதாவது வசதியானவர்கள் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தர்மம், அதைப் பெறத் தகுதியான எட்டுப் பிரிவில் முதலில் வருகிறவங்க அவங்கதான். மெஷினை இனாமாக வாங்கிக் கொடுத்து, தொழில் நின்ற பிறகு கடன் பற்றிப் பேச வேண்டும். சங்கத்தில் அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

நாகூர் ராத்தா:
கேட்டேனே. ஸகாத் பணமெல்லாம் ஆளுக்கு ஐந்நூறும் ஒரு சேலையுமாகப் பங்கு வைத்துத் தீர்ந்துவிட்டது, அடுத்த ரமலானில் பார்க்கலாம் என்றார்கள். இது ஷவ்வால் மாதம், ரமலான் இப்போதுதான் முடிந்தது, தம்பி.