கடைக்கு வெள்ள இன்சூரன்ஸ்: பிரீமியமா, மேடையா?

பட்டறைக்காரன்
2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல அம்பத்தூர் எஸ்டேட் மூழ்கினதிலிருந்து, பாலிசி போடு பாலிசி போடுன்னு ஒரே பாட்டு. நான் சொல்றது: அந்தக் காசுக்கு மெஷின் அடியில ரெண்டடி கான்கிரீட் மேடை போடுங்க, சுவிட்ச் போர்டை அஞ்சடிக்கு ஏத்துங்க, ரேக்ல கீழ்த்தட்டைக் காலியா விடுங்க. பிரீமியம் வருஷா வருஷம் போயிடும். மேடை அங்கயே நிக்கும்.

சர்வே நோட்டு
நாலடி தண்ணி வந்தா மேடை என்ன செய்யும் அண்ணே? 2021 ஏப்ரல் 1லிருந்து சின்னத் தொழில்களுக்குன்னே 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா'ன்னு ஒரு பாலிசி இருக்கு. ஒரே இடத்துல கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேர்த்து 5 கோடி வரைக்கும். புயல், வெள்ளம் அதுக்குள்ளயே அடக்கம், தனியா கேட்டு வாங்க வேண்டாம்.

பட்டறைக்காரன்
அடக்கம்தான். க்ளெய்ம் வரும்போது பாதியை வெட்டுறாங்களே, அது எதுல அடக்கம்?

சர்வே நோட்டு
பெரும்பாலும் போட்ட தொகை குறைச்சலா இருக்கறதால. கடையில 20 லட்சத்துக்குச் சரக்கு, பாலிசி 12 லட்சத்துக்கு. 5 லட்சம் நனைஞ்சா 20க்கு 12ங்கற விகிதத்துல 3 லட்சம்தான் வரும். இந்தப் பாலிசியில 15% வரைக்கும் குறைவு இருந்தா கண்டுக்க மாட்டாங்க, அதைத் தாண்டினா வெட்டு. மெஷினுக்கும் இதே கதை. ஆடிட்டர் தேய்மானம் போட்ட புத்தக மதிப்பை எழுதிடாதீங்க, இன்னிக்குப் புதுசா வாங்கற விலையைப் போடுங்க. அதையும் மாத்து மெஷின் வாங்கினாத்தான் முழுசா தருவாங்க, வாங்காம விட்டா தேய்மானம் கழிஞ்சுடும்.

கணக்குப்பிள்ளை
இருவரும் விட்டது: ஜிஎஸ்டி. சரக்கு அழிந்தால் அதற்கு எடுத்த இன்புட் க்ரெடிட்டை, அதாவது வாங்கும்போது கட்டி நம் வரியில் கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை, திருப்பிக் கட்ட வேண்டும், ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு. பாலிசித் தொகையை வரி சேர்க்காமல் போட்டிருந்தால் 18% சரக்கில் அந்த வரி முழுதும் உங்கள் தலையில். வங்கிக் கடன் இருந்தால் இன்னொன்றும் பாருங்கள். வங்கி எடுத்துக் கொடுத்த பாலிசி பல சமயம் கடன் அளவுக்குச் சரக்கை மட்டுமே காட்டும். ஃபர்னிச்சரும் மெஷினும் அதில் இருக்காது. பாலிசியில் உள்ள விலாசம் பழைய குடோனாக இருந்தால் சிக்கலைக் கேட்கவே வேண்டாம்.

பட்டறைக்காரன்
பாத்தீங்களா, என் கட்சிக்கே சாட்சி சொல்றீங்க! தீபாவளிக்குச் சரக்கு ரெட்டிப்பாகும், அப்ப யார் போய்த் தொகையை மாத்துறது? பட்டறை பத்து நாள் மூடிக் கிடந்தா கூலி, வாடகை, போன ஆர்டர்? ஒரு பைசா வராது.

சர்வே நோட்டு
லாப இழப்பு அடிப்படைப் பாலிசியில கிடையாது, ஒத்துக்கறேன், அதுக்குத் தனிப் பாலிசி. தீபாவளிச் சரக்குக்கு நடு வருஷத்துல தொகையை ஏத்த எண்டார்ஸ்மென்ட், அதாவது பாலிசியில திருத்தம், வாங்கலாம், மிச்ச நாளுக்கு மட்டும் பிரீமியம். ஆனா செப்டம்பர்லயே பண்ணுங்க. புயல் எச்சரிக்கை வந்த பிறகு போனா கையெழுத்துப் போட யோசிப்பாங்க.

தண்ணி வடிஞ்ச அன்னிக்குப் பண்ற தப்புதான் பெரிசு. கழுவறதுக்கு முந்தி சுவத்துல தண்ணி நின்ன கோட்டை டேப் வச்சுப் படம் எடுக்கணும். நனைஞ்ச சரக்கைக் குப்பையில போட்டா, சேதத்தை மதிப்பிட வர்ற சர்வேயர் எதை எண்ணுவார்? மோட்டாரை நல்ல தண்ணியில அலசி, காய வச்சு, மெக்கர்ல (இன்சுலேஷன் எதிர்ப்பை அளக்கற மீட்டர்) பாருங்க. ஒரு மெகா ஓமுக்குக் கீழ காட்டினா ஸ்டார்ட்டரைத் தொடாதீங்க. ஈரத்தோட போட்டு வைண்டிங் எரிஞ்சா, அது வெள்ளம் பண்ணின சேதமா நீங்க பண்ணினதான்னு கேள்வி வரும்.

கணக்குப்பிள்ளை
ஸ்டாக் லெட்ஜரின் நகல் கடைக்கு வெளியே இருக்கட்டும். கம்ப்யூட்டரும் அதே வெள்ளத்தில்தானே மிதக்கும்.

பட்டறைக்காரன்
சரி, மெஷினுக்கு மட்டும் புது விலையில போட்டுப் பாக்கலாம். சரக்குக்கு ரேக்தான், அதுல மாத்தமில்ல. மேடை கட்டினதைக் காட்டினா பிரீமியத்துல ஏதாவது குறைப்பாங்களா?

சர்வே நோட்டு
கேட்டுப் பாருங்க. கேக்காம யாரும் குறைக்கறதில்ல.