காந்தத் திரவம் வைத்து வீட்டிலேயே கண்ணாடி பாலிஷ் செய்ய முடியுமா?

கொரட்டூர் மொட்டைமாடி:
தொலைநோக்கிக்காக 6 அங்குலக் கண்ணாடி ஒன்றை நானே தேய்க்கிறேன், எட்டு மாதம் ஓடிவிட்டது. குழிவு வந்துவிட்டது, ஆனால் கத்திமுனைச் சோதனையில் (கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கத்தி விளிம்பால் மறைத்து வடிவப் பிழை பார்ப்பது) பார்த்தால் ஓரம் தொய்ந்து கிடக்கிறது. மொட்டைமாடி அறையில் மதியம் பிட்ச் (பாலிஷ் தட்டில் ஊற்றும் தார் மாதிரிப் பிசின்) மேல் விரலை வைத்தால் அப்படியே பதிகிறது, அவ்வளவு இளகல். காந்தம் வைத்தால் கெட்டியாகும் திரவத்தில் லென்ஸ் பாலிஷ் செய்கிறார்கள் என்று படித்தேன். நியோடிமியம் காந்தம் இருக்கிறது, இரும்புத்தூளை லேத் பட்டறையில் சும்மாவே தருவார்கள், கண்ணாடியை மெருகேற்றும் பொடியான சீரியம் ஆக்சைடும் கையில் இருக்கிறது. மூன்றையும் கலந்து முயன்றால் ஓரம் சரியாகுமா?

அம்பத்தூர் லென்ஸ்காரன்:
தம்பி, லேத் தூளைக் கண்ணாடிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள், எட்டு மாத உழைப்பு ஒரே கீறலில் போய்விடும். இதற்குப் போடுவது கார்போனைல் இரும்பு, சில மைக்ரான் அளவு உருண்டைகள். திரவம் சுழலும் சக்கரத்தின் மேல் பட்டையாக ஓடும், காந்தப் புலத்துக்குள் வந்ததும் ஒரு நொடிகூட ஆகாது, கெட்டிக் களிம்பாகிவிடும். காந்தம் இரும்பைச் சக்கரத்தின் பக்கம் இழுத்துக்கொள்ள, அதற்கு மசியாத சீரியம் மேலே ஒதுங்கி நிற்கும். கண்ணாடியில் படுவது அதுதான். அழுத்தித் தேய்க்காமல் பக்கவாட்டில் வழித்துக்கொண்டே போவதால் அடியில் விரிசல் விழாது, பிட்ச் மாதிரி நாளுக்கு நாள் வடிவமும் மாறாது. இந்த மாதிரித் திரவத்தை 1940களின் கடைசியில் அமெரிக்காவில் ஜேக்கப் ராபினோ கண்டுபிடித்தது கிளட்சுக்காக, பாலிஷ் மெஷினாக விற்பனைக்கு வந்தது 1990களில்தான்.

பழைய இரும்பு:
நான் செய்து பார்த்துவிட்டேன், சிரிக்காதீர்கள். நல்ல இரும்புப் பொடியே வாங்கி, குழாய்த் தண்ணீரில் கலந்து டிபன் டப்பாவில் மூடி வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் புளிக்குழம்பு நிறம்! எல்லாம் துரு. காரத்தன்மையோடு வைத்திருக்க வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அந்த டப்பாவை வீட்டில் இன்னும் யாரும் தொடுவதில்லை.

கொரட்டூர் மொட்டைமாடி:
சரி அண்ணா, அந்தப் பொடியையே வாங்கி, சோடா உப்பும் போட்டுக் கலந்தால்?

அம்பத்தூர் லென்ஸ்காரன்:
கலவை கிடைக்கும், அதை வைத்து எங்கே எவ்வளவு தேய்ப்பீர்கள்? முதலில் இன்டர்ஃபெரோமீட்டரில், அதாவது ஒளி அலைகளை வைத்து மேடுபள்ளம் அளக்கும் கருவியில், எந்த இடம் எத்தனை நானோமீட்டர் மேடு என்று வரைபடம் எடுப்போம். அதில் போடும் சிவப்பு ஹீலியம்-நியான் லேசரின் அலைநீளம் 632.8 நானோமீட்டர், அதில் பத்தில் ஒரு பங்கு மேடு என்றாலே எங்களுக்குத் தலைவலி. திரவம் ஒரு பொட்டு அளவு இடத்தில் எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் மேடான இடத்தில் அதிக நேரம், பள்ளமான இடத்தில் குறைந்த நேரம் என்று கணினி நிறுத்தி நிறுத்தி நகர்த்தும். திரவத்தில் தண்ணீர் ஆவியானால்கூடக் கணக்கு தப்பும், அதனால் பார்த்துப் பார்த்துத் தண்ணீர் சேர்ப்போம். இன்னொன்று, உங்கள் தொல்லை ஓரம். ஓரத்துக்கு வரும்போது அந்தப் பொட்டில் பாதி வெளியே தொங்கும், அரிக்கும் விதமே மாறிவிடும். எங்கள் மெஷினே திணறும் இடம் அது.

கெட்டியான பிட்ச் ஊற்றுங்கள், தேய்க்கும் வீச்சைக் குறையுங்கள், விடியற்காலையில் தேயுங்கள்.

கொரட்டூர் மொட்டைமாடி:
நாலு மணிக்கு அலாரம் வைத்துவிட்டேன் அண்ணா. காந்தம் ஃப்ரிட்ஜ் கதவுக்குப் போய்விட்டது.