'புகார் முடித்து வைக்கப்பட்டது': உங்களுக்கும் வந்திருக்கிறதா?

பெரம்பூர்வாசி:
எங்கள் தெருமுனையில் மழைநீர் வடிகால் மூடி உடைந்து கிடந்தது. மாநகராட்சியின் புகார் செயலியில் படம் ஏற்றினேன். மூன்றாம் நாள் 'புகார் முடித்து வைக்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி. போய்ப் பார்த்தால் பள்ளம் அப்படியே. வண்டி விழாமலிருக்க ஒரு வேப்பங்கிளை மட்டும் புதிதாகச் செருகியிருந்தது, அதுவும் இஸ்திரிக்காரர் உபயம். மறுபடி புகார், மறுபடி 'முடித்து வைக்கப்பட்டது'.

அப்பா சிரித்தார். அவர் ஓய்வு பெற்றவர், திங்கட்கிழமை மனு நாள் என்றால் காலையிலேயே கிளம்பிவிடுவார். "அங்கே அதிகாரி முகத்தையாவது பார்க்கலாம். இதில் யார் முகத்தைப் பார்ப்பே?" வாஸ்தவம்தான். ஆனால் அரை நாள் வரிசையில் நிற்க எனக்கு யார் லீவு தருவார்கள்?

கடைசியில் 2005 தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, எந்த ஆவணத்தை வைத்து முடித்தீர்கள் என்று கேட்டேன். 30 நாள் கெடு முடிவதற்குள் பதில் வந்தது. செயலியில் நான் குத்திய இடப்புள்ளி ஒரு தெரு தள்ளி அடுத்த வார்டில் விழுந்திருக்கிறது. அந்த வார்டுக்காரர், இது எங்கள் பகுதி இல்லை என்று முடித்திருக்கிறார். டிஜிட்டல் புகாருக்கு என்ன ஆனது என்று காகிதம்தான் சொன்னது!

வேளச்சேரி:
2020 ஊரடங்கில் மத்திய அரசு, பெரிய திட்டங்களால் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று பார்த்து அனுமதி தரும் விதிகளுக்கான வரைவுக்கு (சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு) மக்களிடம் கருத்து கேட்டது. வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் வந்தது. வாட்ஸப்பில் சுற்றிய மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றி மின்னஞ்சல் அனுப்பினேன். எங்கள் வகுப்பே அதைத்தான் அனுப்பியது. அப்புறம் டெல்லி உயர் நீதிமன்றம் கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது, அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள, தமிழ் உட்பட்ட மொழிகளில் மொழிபெயர்க்கவும் சொன்னது. அந்த இடைவெளியில்தான் வரைவை முழுதாகப் படித்தேன். ஒரு திட்டத்துக்கான கருத்துக்கேட்பின்போது மக்களுக்கு இருந்த 30 நாள் அவகாசத்தை 20 ஆக்கும் பிரிவும் அதில் இருந்தது. நம் கருத்தைக் கேட்கும் நாளைக் குறைக்கலாமா என்று நம்மிடமே கருத்து! இரண்டாவது மின்னஞ்சலைத் தமிழில், சொந்தமாக எழுதினேன். அதை யாராவது படித்தார்களா, தெரியாது.

அயனாவரம்:
சென்னையில் 2016 அக்டோபருக்குப் பிறகு 2022 பிப்ரவரி தேர்தல் வரை கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர் ஆட்சி. செயலி நமக்குப் பழகியதே அந்த வருடங்களில்தான். ஓட்டுப் போட்டு ஆளை அனுப்பிக் கேள்வி கேட்ட இடத்தில் புகார் எண் வந்து உட்கார்ந்துகொண்டது. எனக்கென்னவோ இது கஸ்டமர் கேர் மாதிரிதான் படுகிறது.

2022இல் அதற்கான விதிகள் வந்து, நவம்பர் 1 அன்று பகுதி சபை என்று, வார்டு மக்கள் கவுன்சிலரிடம் நேரில் குறை சொல்லும் கூட்டத்தைக் கூட்டினார்கள். பத்துப் பேர்கூட இல்லை. தெரு வாட்ஸப் குழுவில் கட்டைவிரல் தூக்கிய ஒருத்தரையும் காணோம். பூக்கட்டும் அம்மா ஒருத்தர் எழுந்தார். "எனக்குப் போன்ல படம் போடத் தெரியாது கண்ணு. இடத்தைக் காட்டத் தெரியும், வா" என்று கவுன்சிலரைக் கையோடு கிளப்பிவிட்டார். சபை பாதியில் தெருவுக்கு வந்தது. டீக்கடை தாண்டுவதற்குள் கூட இன்னும் நாலு பேர்.