வேப்பிலை கட்டுவதற்கு இரண்டு நாள் முன்பு

வடசேரியிலிருந்து:

எனக்கு அப்போது 17 வாரம். மாசி மாதம், மண்டைக்காட்டுக் கோவிலில் கொடை விழா தொடங்கிய ஞாயிற்றுக்கிழமை. வயிற்றுப்பிள்ளைக்காரி கூட்டத்தில் இடிபட வேண்டாம் என்று திங்கள்சந்தையில் நாத்தனார் வீட்டில் என்னை இறக்கிவிட்டு மற்றவர்கள் கோவிலுக்குப் போனார்கள். நாத்தனார் மகனுக்கு ஐந்து வயது. அன்றைக்கு அவனிடம் வழக்கமான ஆட்டம் இல்லை. "மாமி, தலை வலிக்கிறது" என்று என் மடியில் சாய்ந்தவன் மாலை வரை எழுந்திருக்கவில்லை. உடம்பு லேசாகச் சுட்டது. கோவிலுக்குப் போனவர்கள் கொண்டுவந்த மண்டையப்பத்தில் ஒரு துண்டைப் பிட்டு அவனுக்கு ஊட்டினேன். தலைவலிக்கு நேர்ந்துகொள்ளும் பண்டம் தலைவலிக்காரனுக்கே வந்து சேர்ந்தது என்று எல்லோரும் சிரித்தோம்.

செவ்வாய்க்கிழமை அவனுக்குச் சின்னம்மை முத்துப் போட்டது. எனக்குத் தெரிந்தது சனிக்கிழமை.

நாத்தனார் மறைக்க நினைக்கவில்லை. அம்மை இறங்கும்வரை வாயால் சொல்லக் கூடாது என்று அவருடைய மாமியார் தடுத்துவிட்டார். வாசலில் வேப்பிலை, அடுப்பில் தாளிப்பு கிடையாது, சாளை மீன் வாசனையே கூடாது, வெளியாள் படியேறக் கூடாது. இவற்றை நான் கேலி செய்ய மாட்டேன். தொற்று உள்ளவரைத் தனியே வையுங்கள் என்று சுகாதாரத் துறை நோட்டீஸ் அடித்து ஒட்டினாலும் எங்கள் ஊரில் இத்தனை ஒழுங்காகக் கேட்பார்களா என்பது சந்தேகம். ஆனால் ஒரு கோளாறு. முத்து வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டு நாள் முன்பிருந்தே இந்தக் கிருமி மூச்சுக்காற்றில் பரவத் தொடங்கிவிடுகிறது. அவன் என் மடியில் படுத்திருந்தது சரியாக அந்த இரண்டு நாளுக்குள். எனக்கு வேண்டியிருந்தது ஒரு போன்தான்.

அன்றிரவு அம்மாவிடம் கேட்டேன். "உனக்கு மூன்று வயதிலேயே போட்டுவிட்டது, இனி வராது" என்றாள். உயிர் வந்தது. பின்னாலிருந்து பெரியம்மாவின் குரல்: "அது மணல்வாரி, தட்டம்மை. சின்னம்மை போட்டது இளையவளுக்கு." என் போனிலேயே இருவரும் அரை மணி நேரம் வழக்காடினார்கள். நெற்றியில் இருக்கும் குழி அம்மைத் தழும்புதான் என்று அம்மா சாதித்தாள். துவைகல்லில் விழுந்த காயம் அது என்று எனக்கே நினைவிருக்கிறது.

திங்கட்கிழமை டாக்டர் கேட்டவை மூன்றே கேள்விகள்: பையனுக்கு எந்த நாள் முத்துப் போட்டது, அவனோடு ஒரே அறையில் எவ்வளவு நேரம் இருந்தாய், உனக்கு முன்பு வந்திருக்கிறதா. கால் மணி நேரம் ஒரே அறையில் இருந்தாலே கணக்கில் சேர்ப்பார்களாம். நான் ஒரு மதியம் முழுக்க இருந்திருக்கிறேன். மூன்றாவது கேள்விக்கு அம்மா, பெரியம்மா கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "ரத்தத்தைக் கேட்போம்" என்று எதிர்ப்பாற்றல் இருக்கிறதா எனக் காட்டும் ஐஜிஜி பரிசோதனைக்கு எழுதினார். மறுநாள் முடிவு வந்தது: எதிர்ப்பாற்றல் இல்லை. பெரியம்மா ஜெயித்தார்.

அவன் என் மடியில் படுத்த நாளிலிருந்து அது ஒன்பதாம் நாள். எதிர்ப்பாற்றலை நேரடியாக உடம்பில் ஏற்றும் இம்யூனோகுளோபுலின் ஊசியைப் பத்து நாளுக்குள் போட்டாக வேண்டும். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் என் கணவர் விசாரித்தார். அந்த அவசரத்தில் கிடைக்கவில்லை. நாத்தனார் செவ்வாயன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேடுவதற்கு ஒரு வாரம் இருந்திருக்கும். எனக்குக் கிருமியை அடக்கும் அசைக்ளோவிர் மாத்திரை, ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஒரு வாரம். (இதைப் படித்துவிட்டு யாரும் மருந்துக்கடைக்கு நேராகப் போக வேண்டாம். வாரமும் ரத்த முடிவும் பார்த்து டாக்டர் எழுத வேண்டியது இது.)

பிள்ளைக்கு என்ன ஆகும் என்று கேட்க நாக்கு எழவில்லை. அவரே சீட்டின் பின்பக்கத்தில் 100 என்று எழுதினார். இந்த வாரங்களில் தாய்க்கு அம்மை வந்தேவிட்டாலும் 100 பேரில் 98 பேரின் பிள்ளைகளுக்கு அதனால் பாதிப்பு இருக்காது என்றார். எஞ்சிய 2ஐச் சுற்றி வட்டம் போட்டார். அந்த வட்டத்தைப் பல நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவர் அழுத்திச் சொன்னது என்னைப் பற்றி: கர்ப்பிணிக்கு அம்மை வந்தால் நுரையீரலில் இறங்கக்கூடும், முத்து தெரிந்தால் அன்றைக்கே போன் செய், மூச்சு வாங்கினால் போன்கூட வேண்டாம், வந்துவிடு.

பிறகு காத்திருப்பு. தொற்றிய 10ஆம் நாள் முதல் 21ஆம் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் முத்து எழலாம். தினமும் இரவு குளியலறையில் டார்ச் அடித்துப் பார்ப்பேன். 15ஆம் நாள் தோளில் மூன்று சிவப்புப் புள்ளிகள். "கொசு" என்றார் கணவர். நம்பாமல் பால்பாயிண்ட் பேனாவால் மூன்றையும் சுற்றிக் கோடு போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் கோடு இருந்தது, புள்ளிகள் இல்லை. என் மாமியார் தலையணை உறைக்குள் வேப்பிலை செருகியதும் உண்மை, நான்கு வேளை மாத்திரைக்கும் அலாரம் வைத்ததும் அவரே. நாட்காட்டியில் 21ஆம் தாளைக் கிழித்தவரும் அவர்தான். எனக்கு வரவில்லை. மகளுக்கு இப்போது எட்டு மாதம். கர்ப்பத்தில் போடக் கூடாத தடுப்பூசியைப் பிரசவத்துக்குப் பின் இரண்டு தவணையும் போட்டுக்கொண்டேன்.

தோவாளையிலிருந்து:

எனக்கு வந்தேவிட்டது, 38ஆம் வாரத்தில். சிசேரியனுக்கு ஜோசியரிடம் கேட்டு வியாழக்கிழமை நாள் குறித்திருந்தார்கள். செவ்வாய் காலை கழுத்தில் நீர் கோத்த முத்து. டாக்டர் அறுவைச் சிகிச்சையைத் தள்ளி வைத்தார். நல்ல நேரம் போகிறதே என்று மாமனார் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சத்தம் போட்டார். தாயின் உடம்பு எதிர்ப்பாற்றலை உண்டாக்கிப் பிள்ளைக்கு அனுப்ப ஒரு வாரமாவது ஆகும், அதற்குள் பிறந்தால் கிருமி மட்டும் போய்ச் சேரும், கவசம் சேராது என்று டாக்டர் அவரை உட்காரவைத்து விளக்கினார். மாமனார் பூக்கடைக்காரர். "மொட்டைப் பறித்துவிட்டு மலரவில்லை என்று சொல்லக் கூடாது, அவ்வளவுதானே" என்று எழுந்து போனார். முத்துப் போட்ட ஒன்பதாம் நாள் மகன் பிறந்தான், உடம்பில் ஒரு புள்ளி இல்லாமல்.

குளச்சலிலிருந்து:

எங்கள் வீட்டில் மாமனாருக்கு அக்கி. காவி பூசி அக்கி எழுதிவிட்டு வந்தார். அம்மைக் கிருமிதான் உடம்பில் பல வருடம் தூங்கி அக்கியாக எழுகிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இடுப்பில், துணிக்குள் மூடி இருந்ததால் பெரிய பயமில்லை என்று டாக்டர் சொன்னார். கொப்புளத்து நீர் படக் கூடாது என்பதற்காக அவர் துணியைத் துவைக்கும் வேலையை மட்டும் என் கணவர் எடுத்துக்கொண்டார். பிரசவம் முடிந்தும் அந்த வேலையை நான் திரும்ப வாங்கவில்லை.

குலசேகரத்திலிருந்து:

நான் டியூஷன் எடுக்கிறேன். மூன்று பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வந்தது. எனக்கு அம்மை போட்டதாக வீட்டில் யாருக்கும் நினைவில்லை, மூன்று நாள் அழுதேன். ரத்தத்தில் பார்த்தால் எதிர்ப்பாற்றல் இருக்கிறது! எப்போதோ நாலு முத்தோடு வந்து போயிருக்கிறது. அழுவதற்கு முன் ரத்தம் கொடுத்திருக்கலாம்.

வடசேரியிலிருந்து மறுபடியும்:

நாத்தனாரோடு பேசுகிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு மாதம் பேசவில்லை. இப்போது அவர் மகனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் முதல் போன் எனக்குத்தான். நேற்று இரவு பதினொரு மணிக்கு அழைத்தார், அவன் முழங்காலில் ஒரு கொப்புளம் என்று. மிளகாய்ச்செடிக்குப் பக்கத்தில் விளையாடி எறும்பு கடித்திருக்கிறது.