ஐயா பெட்டகத்தில் அமெரிக்க வெள்ளிக்காசு: என்ன மதிப்பு இருக்கும்?

வளவுக்காரன், கானாடுகாத்தான்:
எங்கள் ஐயா பினாங்குக்குக் கொண்டுவிற்கப் போனவர். அவருடைய பெட்டகத்தில் இந்தக் காசு இருந்தது. ஆண்டு 1877. மூட்டைமேல் உட்கார்ந்த பெண் கையை நீட்டுகிறாள். பின்பக்கம் கழுகு, அதன் கீழே ‘எஸ்’. ரெண்டு பக்கமும் சின்னச் சின்னச் சீன எழுத்துக் குத்துகள். பத்தர், புளி போட்டுத் தேய்த்து வெள்ளி விலைக்குப் போடலாம் என்கிறார். கூடவே 1799-ஆம் ஆண்டு போட்ட அமெரிக்க டாலர் காசு ஒன்று காரைக்குடியில் விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பழங்காசு, காரைக்குடி:
தம்பி, புளியைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். அந்தக் கருமை நூறு வருஷத்துக்கு மேல் படிந்தது. தேய்த்தால் போனது போனதுதான், விலையும் கூடவே போகும்.

உங்களுடையது டிரேட் டாலர். சீன வணிகத்துக்கென்றே 1873 முதல் அமெரிக்கா அடித்தது. எடை 27.22 கிராம், 90 சதவீதம் வெள்ளி. ‘எஸ்’ என்றால் சான்பிரான்சிஸ்கோ அக்கசாலை. 1877-இல் அங்கே மட்டும் 95 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள், அதனால் அபூர்வம் இல்லை. அந்தக் குத்துகள் சீன வணிகர்கள் வெள்ளியைச் சோதித்துப் போட்ட முத்திரை. சிலர் குறை என்பார்கள். எனக்கு அதுதான் அழகு: எத்தனை கை மாறி ஐயாவிடம் வந்திருக்கிறது! அதைத் தேடி வாங்குபவர்களும் உண்டு.

1799-க்கு விளிம்பைப் பாருங்கள். அசலில் ‘ஹண்ட்ரட் சென்ட்ஸ் ஒன் டாலர் ஆர் யூனிட்’ என்று விளிம்பைச் சுற்றி எழுத்து ஓடும். எடை ஏறக்குறைய 26.96 கிராம், தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும். விளிம்பில் வெறும் வரிகள் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
தரம் பார்க்க அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. இங்கே விற்கலாம், வைத்துக்கொள்ளலாம்.

வளவுக்காரன்:
நன்றி அண்ணே, ஆச்சி. நகைக்கடைத் தராசில் வைத்தேன். ஐயா காசு 27.1. அந்த 1799 வெறும் 21 கிராம், விளிம்பு முழுக்க வரி. காந்தமும் ஒட்டுகிறது.

பழங்காசு:
அப்போ அது வெள்ளியே இல்லை, விட்டுவிடுங்கள். ஐயா காசை பிவிசி (ஒருவகை பிளாஸ்டிக்) இல்லாத உறையில் போடுங்கள். பிவிசி பட்டால் பச்சை பிடிக்கும். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடிக்கணும். குத்துகள் தெரிகிற மாதிரி ரெண்டு பக்கமும் படம் எடுத்துப் போடுங்கள், எழுத்துகளைப் படித்துப் பார்ப்போம்.